இன்ஜின் மாற்றிய அம்பாசடர்... குளிர்ந்த காற்று எங்கிருந்து வர வேண்டும்?

தார்ப்பாய் போர்த்தி வாசலில் நிற்கும் பழைய அம்பாசடரை விற்க யாருக்கும் மனசு வராது. அதற்காக அந்த 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினை வைத்துக்கொண்டு இன்றைய நெடுஞ்சாலையில் லாரியை முந்துவதும் லேசான காரியமில்லை. அதனால்தான், கான்டெஸாவில் வந்த 1.8 லிட்டர் இசுஸூ பெட்ரோல் இன்ஜினைத் தேடிப்பிடித்துப் பொருத்துகிறார்கள் சிலர். இந்த ஜோடி ஒன்றும் புதிதல்ல. 1990-களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே இசுஸூ 1.8 இன்ஜினோடு அம்பாசடரை விற்றிருக்கிறது.

இன்ஜின், கியர் பாக்ஸ், மவுன்ட் என்று கையில் இருந்த பணமெல்லாம் கரைந்த பிறகு, கடைசியாக வருவது காற்றுக் குழாய். ஏர் கிளீனர் சரியாக உட்காரவில்லை என்றால், கார்புரேட்டர் வாயிலேயே கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றை மாட்டி வேலையை முடித்துவிடுவார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், சத்தமும் கம்பீரமாக வரும். ஆனால், பானட்டுக்குள் திறந்து கிடக்கும் அந்த ஃபில்டர் இழுப்பது ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் கக்கும் அனல் காற்றை.

சூடான காற்றில் என்ன குறை?

சூடானால் காற்று விரிந்து லேசாகிவிடும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ. அதுவே 65 டிகிரியில் சுமார் 1.04 கிலோதான். அதாவது, இன்ஜின் அதே அளவு காற்றை இழுத்தாலும் எடையில் 10 சதவிகிதம் குறைவு. காற்றின் எடை குறைந்தால் எரிக்க முடிகிற பெட்ரோலும் குறையும். மேட்டில் ஏறும்போதும் ஏ.சி போட்டிருக்கும்போதும் வண்டி திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சூடான காற்றால் இன்ஜின் 'நாக்கிங்' அடிக்கும் வாய்ப்பும் அதிகம்.

அதே சமயம், குளிர்ந்த காற்றைக் கொடுத்தால் வண்டி ரேஸ் கார் ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வெப்பத்தில் இழந்ததைத்தான் திரும்பப் பெறுகிறோம்.

முதலில் அளந்து பாருங்கள்

வேலையை ஆரம்பிக்கும் முன், ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, அதன் முனையை ஃபில்டர் பக்கத்தில் கட்டிவிடுங்கள். நெடுஞ்சாலையில் 20 நிமிடம், டிராஃபிக்கில் 20 நிமிடம் ஓட்டி, வெளி வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். ஓடும்போதும் வித்தியாசம் 20, 30 டிகிரி இருந்தால் குழாய் அமைப்பது நல்ல பலன் தரும். ஐந்தாறு டிகிரிதான் என்றால், அந்தக் காசில் நல்ல டயர் வாங்கலாம்.

குழாய் எவ்வளவு பெரியது?

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 1.8 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், அதிகபட்சம் 4,500 லிட்டர் காற்று. இரண்டு அங்குலக் குழாயில் இந்தக் காற்று விநாடிக்கு சுமார் 37 மீட்டர் வேகத்தில் நெருக்கியடித்துப் போக வேண்டும். இரண்டரை அங்குலக் குழாயில் சுமார் 24 மீட்டர் வேகமே போதும். எனவே இந்த இன்ஜினுக்கு இரண்டரை அங்குலம் தாராளம். அதைவிடப் பெரிதாகப் போட்டால் இடம்தான் அடையும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

* முதலில் அட்டையை வெட்டி, குழாய் போகும் வழியை மாதிரி செய்து பாருங்கள். பானட்டை மூடித் திறந்து, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதியான பிறகே உலோகத்தில் கை வையுங்கள்.

* அலுமினியக் குழாய் நல்லது. வீட்டுக்குப் போடும் பி.வி.சி பைப் சூட்டில் இளகிவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிக் கொண்டுபோங்கள்.

* ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் அசையும், பாடி அசையாது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது சிலிகான் ஹோஸ் போட்டு கிளாம்ப் பண்ண வேண்டும். இல்லையென்றால் வெல்டிங் விட்டுப்போகும்.

* ஃபில்டரைச் சுற்றித் தகரத்தில் ஒரு பெட்டி செய்து, மேல் விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். பானட் மூடும்போது அது அழுந்தி, அனல் உள்ளே வராமல் தடுக்கும். பெட்டி இல்லாவிட்டால் குழாய்க்குச் செலவழித்ததில் பாதி வீண்.

* பழைய ஏர் கிளீனருக்கு வரும் இன்ஜின் பிரீதர் ஹோஸை அப்படியே தொங்கவிடக் கூடாது. ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் இணையுங்கள். இல்லையென்றால் அந்த வழியாகத் தூசி இன்ஜினுக்குள் போகும்.

* வேலை முடிந்ததும் கார்புரேட்டர் மிக்சரைச் சரிபார்ப்பது கட்டாயம். சில நாள் ஓட்டிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு.

குழாயின் வாய்... இங்கேதான் ஆபத்து!

குளிர்ந்த காற்றுக்கு ஏற்ற இடம், முன்பக்க கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில், ஹெட்லைட் உயரத்தில். 'கீழே இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்' என்று பம்பருக்கு அடியில் வாயை வைப்பவர்களும் உண்டு. நம் ஊர் மழைக்கு அது சரிப்படாது. மழைநீர் தேங்கிய சுரங்கப்பாதையில் ஒருமுறை இறங்கினால் போதும், குழாய் நேராகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். லட்சியத்தோடு தேடிப் பொருத்திய இன்ஜின் ஒரு நொடியில் பழைய இரும்பாகிவிடும்.

தகரப் பெட்டியின் அடியில் சிறு வடிகால் துளையும் போடுங்கள். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி ஓரங்கட்டி, மெக்கானிக்கை வரவழைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.

ஆர்.சி புக்கையும் பாருங்கள்

ஆர்.சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே, இன்ஜினை மாற்றும் முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெறுங்கள். இன்ஜினை விற்பவரிடம் பில்லையும் பழைய ஆவணங்களையும் வாங்கி வையுங்கள். இன்ஜின் நம்பர் ஆர்.சி-யோடு பொருந்தாவிட்டால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கிடைப்பதும் சிக்கலாகும்.

இன்னொரு விஷயம். 50 ஆண்டுகளைக் கடந்த கார்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் விதிகள் வந்தன. இன்ஜின், சேஸி, பாடியில் பெரிய மாற்றம் இருந்தால் அந்தத் தகுதி கிடைக்காது. உங்கள் வீட்டு அம்பாசடர் அந்த வயதை நெருங்குகிறதா என்று கணக்குப் பார்த்துவிட்டு ஸ்பானரை எடுங்கள்.

எப்படி முடிவெடுத்தாலும், கழற்றிய ஒரிஜினல் இன்ஜினையும் ஏர் கிளீனரையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2014-லேயே அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. நாளை உங்கள் பிள்ளைகள் காரை அதன் பழைய நிலைக்கே கொண்டுவர ஆசைப்பட்டால், கடை கடையாக அலையாமல் வீட்டிலேயே எல்லாம் இருக்கும்.