விழுபவரின் பெயர் என்ன?

வேலூர் லாங் பஜாரில் காலை நேரத்தில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதே சாகசம்தான். மூட்டை சுமப்பவர்கள், தள்ளுவண்டிகள், குறுக்கே நுழையும் பைக்குகள்... ஸ்கேட்போர்டுக்கு அங்கே ஓரடிகூட இடமில்லை. ஆனால், ஸ்கேட்போர்டு வீரர்களுக்கும் இந்தத் தோல் பூமிக்கும் ஒரு பொருத்தம் உண்டு. அந்தப் பலகையின் மேல்பரப்பு உப்புக்காகிதம் போலச் சொரசொரப்பாக இருக்கும். துணி ஷூ சீக்கிரம் கிழிந்துவிடும் என்பதால், அவர்கள் தேடுவது ஸ்வேட் எனப்படும் மெல்லிய தோலில் செய்த ஷூவை. தோலுக்கும் ஷூவுக்கும் பெயர்போன ஊர்கள் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும். இங்கிருந்து கப்பலேறும் ஷூக்களில் வெளிநாட்டு பிராண்டின் பெயர் இருக்கும். தைத்தவரின் பெயர் இருக்காது.

சினிமாவிலும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. ஹீரோ குதிக்கிறார், புரள்கிறார், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுகிறார். கைதட்டல் அவருக்கு. விழுந்தவர் வேறொருவர்.

ஸ்கேட்போர்டு உலகின் சூப்பர் ஸ்டார் டோனி ஹாக்கே ஒரு காலத்தில் டூப் போட்டவர்தான். 1987-ல் வந்த 'போலீஸ் அகாடமி 4' படத்தில் நடிகர் டேவிட் ஸ்பேடுக்காகப் பலகை ஏறினார். திறமையில் குறையில்லை; பாவம், நடிகரைவிட உயரம். படத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள்! டூப் போடுபவருக்கு வித்தை மட்டும் போதாது, இன்னொருவரின் உடலளவும் வேண்டும்.

ஸ்கேட்போர்டு பழகுபவர் முதலில் கற்க வேண்டியது ஓட்டுவதை அல்ல, விழுவதை. கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். உடம்பைச் சுருட்டி, தோளில் உருண்டு, வேகத்தைப் பரப்பிவிட வேண்டும். கோடம்பாக்கத்து ஃபைட்டர்களுக்கும் அதுதான் அரிச்சுவடி. அவர்களில் பலர் அதைப் படித்த பள்ளிக்கூடம், வீடு.

பீட்டர் ஹெயின் அப்படி வந்தவர். அப்பா தமிழர், சினிமாவில் சண்டைக் கலைஞர். அம்மா வியட்நாமைச் சேர்ந்தவர். அப்பாவின் தொழிலையே மகனும் பிடித்துக்கொண்டார். ஃபைட்டராக அடி வாங்கி, கனல் கண்ணன், விஜயன் போன்ற மாஸ்டர்களிடம் உதவியாளராக இருந்து, 2001-ல் 'மின்னலே' படத்தில் தனி மாஸ்டராகத் தெரியவந்தார். 2005-ல் 'அந்நியன்' வந்தபோது தமிழ் ரசிகர்கள் மிரண்டுபோனார்கள். வரிசையாக நிறுத்திய ஏராளமான கேமராக்களுக்கு நடுவே ஆட்கள் அந்தரத்தில் உறைந்து நின்ற அந்தச் சண்டையை மறக்க முடியுமா? பிறகு 'கஜினி', 'சிவாஜி', 'எந்திரன்' என்று வரிசைகட்டின படங்கள்.

இதற்கெல்லாம் பின்னால் இருப்பது ரோப். இடுப்பில் பெல்ட் கட்டி, கம்பியில் மாட்டி, கப்பி வழியாக ஆட்கள் இழுப்பார்கள். ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் தொங்குபவர் சுவரில் மோதுவார். முன்பெல்லாம் கேமராவில் தெரியக் கூடாதென்று மெல்லிய கம்பியைத்தான் நம்பியாக வேண்டும். கம்ப்யூட்டரில் கம்பியை அழிக்கும் வசதி வந்த பிறகே தடித்த கயிறு கிடைத்தது. ஒரு வகையில், கிராபிக்ஸ் காப்பாற்றிய உயிர்கள் இவை.

ஆனாலும், மாஸ்டரான பிறகும் உடம்புக்கு விடுமுறை இல்லை. செய்துகாட்டாமல் ஃபைட்டரைச் செய்யச் சொல்பவருக்கு அந்த வட்டாரத்தில் மரியாதை கிடையாது. 2009-ல் வெளிவந்த ராஜமௌலியின் 'மகதீரா' படப்பிடிப்பில் பீட்டர் ஹெயின் பலத்த காயமடைந்து படுக்கையில் விழுந்தார். எழுந்து வந்து மறுபடி அதே வேலையைத்தான் செய்தார். மோகன்லால் புலியோடு மோதிய 'புலிமுருகன்' படத்துக்காக, 2017-ல் அறிவிக்கப்பட்ட 64-வது தேசிய விருதுகளில் சிறந்த சண்டைப் பயிற்சியாளர் விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் தரப்பட்ட முதல் விருதே அதுதான். அதாவது, அதற்கு முந்தைய 63 ஆண்டுகளில் சண்டைக்கென்று தேசிய விருதே இல்லை. ஹாலிவுட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம். ஆஸ்கரில் ஸ்டண்ட் பிரிவு 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்துதான் தொடங்குகிறது.

விருது மாஸ்டருக்கு. அவர் சொல்படி விழும் ஃபைட்டருக்கு?

2024 ஜூலையில் 'சர்தார் 2' படப்பிடிப்பில் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து ஏழுமலை இறந்தார். அடுத்த ஆண்டு, 2025 ஜூலை 13. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடி அருகே 'வேட்டுவம்' படப்பிடிப்பு. சாய்தளத்தில் ஏறிப் பாய்ந்த கார், புரண்டு தரையில் மோதியது. உள்ளே இருந்தவர் மோகன்ராஜ் என்கிற எஸ்.எம்.ராஜு. காஞ்சிபுரத்துக்காரர், வயது 52, கார் சாகசங்களில் பெயரெடுத்தவர். சக கலைஞர்கள் ஓடிப்போய் வெளியே எடுத்தார்கள். உயிர் பிழைக்கவில்லை. அந்தக் காட்சி எல்லோருடைய செல்போனுக்கும் வந்தது. எத்தனையோ படங்களில் அவர் ஓட்டிய காரைப் பார்த்தவர்களில் பலர், அன்றுதான் அவர் பெயரைப் படித்தார்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர் தனியாகப் பாலிசி எடுக்கப் போனால், 'என்ன வேலை?' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதுமே எதிரில் இருப்பவர் தயங்குவார். ராஜுவின் மரணத்தையடுத்து, நாடு முழுவதும் சுமார் 650 ஸ்டண்ட் கலைஞர்களுக்கு விபத்து, மருத்துவக் காப்பீடு கிடைக்க இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் தன் கைப்பணத்தில் ஏற்பாடு செய்திருப்பதாகச் செய்திகள் வந்தன.