கடல் காத்த கிண்ணங்கள்

புதையல் என்றதும் பொற்காசு நிறைந்த குடமும் அதனைக் காத்துக் கிடக்கும் நாகமும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பாட்டிமார் கதைகள் தந்த காட்சி அது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களோ இப்பொருளை நிதானமாக ஆராய்ந்துள்ளனர். முற்காலத்தோர் நிலத்தில் புதைத்துச் சென்ற செல்வத்தை 'ரிகாஸ்' எனப் பெயரிட்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு பொதுவுக்கு உரியது என வகுத்தனர். ஒருவர் தவறவிட்ட பொருள் 'லுகதா' எனப்படும். அதனைக் கண்டெடுத்தவர் முதற்கண் அது இருந்த பையையும் பையைக் கட்டிய கயிற்றையும் நன்கு அறிந்துகொண்டு, பின்னர் ஓராண்டுக் காலம் ஊரறிய அறிவித்தல் வேண்டும். விலையை விடுத்து அடையாளத்தை முதலில் நோக்கச் சொல்லும் இவ்விதியை நினைவிற் கொண்டு, அண்மைக் காலத்தே வெளிப்பட்ட கடற்புதையல் ஒன்றினைக் காண்போம்.

இந்தோனேசியாவின் பெலித்துங் தீவை ஒட்டிய கடலில், கடலட்டை தேடி மூழ்கிய மீனவர்கள் 1998ஆம் ஆண்டு மேடொன்றைக் கண்டனர். ஏறத்தாழ 17 மீட்டர் ஆழத்தில், பவளம் படிந்த மட்பாண்டக் குவியல் அது. அருகிலிருந்த பாறைக்கு 'பத்து ஹித்தாம்' என்பது பெயர். மலாய் மொழியில் கரும்பாறை என்று பொருள்படும். அப்பாறையில் மோதியே மரக்கலம் உடைந்திருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது. தனியார் நிறுவனம் ஒன்று அரசின் உரிமம் பெற்று 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் இரு பருவங்களாக அகழ்ந்தது. மேலே வந்தவை ஏறத்தாழ 60,000 பொருள்கள்.

அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சீனத்துச் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். பெரிய சாடிகளுக்குள் அவற்றைச் சுருள் சுருளாக அடுக்கி வைத்திருந்தனர். இந்த அடுக்கினாலேயே அலையும் உப்பும் பல நூற்றாண்டுகள் தாக்கியும் பல கிண்ணங்கள் வண்ணம் மங்காமல் கிடைத்தன. எண்கோண வடிவப் பொற்கிண்ணமும் வெள்ளிப் பேழைகளும் உடன் இருந்தன. செய்தித்தாள்கள் இவற்றையே பெரிதும் எழுதின. எனினும், விலைமதிப்பில் தாழ்ந்த களிமண் கிண்ணம் ஒன்றே வரலாற்றாசிரியர்க்குப் பொன்னினும் பெரிதாயிற்று. அதன் புறத்தே சீன ஆண்டுக் கணக்கில் ஒரு நாள் பொறிக்கப்பட்டிருந்தது. அது கி.பி. 826, அதாவது ஹிஜ்ரி 211. பக்தாதில் கலீஃபா மஃமூன் ஆட்சி புரிந்த காலம். கலத்தின் காலத்தை வரையறுக்க இதனினும் தெளிவான சான்று வேறில்லை.

கிண்ணங்களின் உட்புறத்தே மீன்களும் மலர்களும் உள்ளன. சிலவற்றில் அரபு எழுத்துகளைப் போன்ற கோடுகளும் காணப்படுகின்றன. அம்மொழி அறியாத சீனக் குயவர், வாங்குவோர் விருப்பம் அறிந்து தூரிகை ஓட்டியிருக்கின்றனர். மேற்காசியச் சந்தைக்கென்றே செய்யப்பட்ட சரக்கு இது என்பதற்கு இதுவும் ஒரு சான்றாம்.

கலமோ சீனக் கலம் அன்று. பலகைகளை ஆணியால் அறையாமல், துளையிட்டுக் கயிற்றால் தைத்திருந்தனர். நம் சோழமண்டலக் கரையில் மசூலாப் படகு தைத்தவர்களுக்கு இவ்வித்தை புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீராஃப் நகரத்து அபூ ஸைத் சுவையான செய்தி ஒன்றைத் தருகிறார். மத்தியதரைக் கடலில் தைத்த பலகைகள் ஒதுங்கினவாம். ரோமரும் சிரியரும் ஆணி அறைபவர் ஆதலின், அவை கீழைக்கடலில் உடைந்த கலத்தினுடையவையே என அவர் முடிவு செய்தார். கயிற்றை வைத்து உரியவரை அறியும் முறை அன்றே இருந்தது! கி.பி. 851இல் எழுதப்பட்ட அரபுப் பயண நூல், மஸ்கட்டிலிருந்து கொல்லத்திற்கு ஏறத்தாழ ஒரு மாதப் பயணம் என்றும், ஆங்குச் சீனம் செல்லும் கலங்கள் சுங்கம் செலுத்தின என்றும் உரைக்கிறது. அதுகாறும் நூல்களில் மட்டுமே படித்த இவ்வணிகத்திற்குப் பெலித்துங் கலம் கண்கூடான சான்றாயிற்று.

இனி, வழக்கிற்குரிய பகுதிக்கு வருவோம். 2005ஆம் ஆண்டு இச்சரக்கில் பெரும்பகுதியை ஏறத்தாழ 3.2 கோடி அமெரிக்க டாலருக்குச் சிங்கப்பூர் வாங்கியது. 2011இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதனைக் காட்சிக்கு வைக்க முனைந்தபோது, தொல்லியலார் பலர் கடுமையாக எதிர்த்தனர். விற்பதற்காக அகழ்ந்தோர் விரைவையே நாடுவர் என்றும், எப்பொருள் எவ்விடத்தில் எதனருகே கிடந்தது என்னும் குறிப்பு அதனால் அழிந்துபடும் என்றும் அவர்கள் வாதிட்டனர். காட்சி கைவிடப்பட்டது. கடலடிப் பண்பாட்டுச் செல்வங்களை வணிகப் பொருளாக்கலாகாது என யுனெஸ்கோ 2001இலேயே உடன்படிக்கை கண்டிருந்தது.

மறுதரப்பினரின் வாதத்தையும் நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கலம் கிடந்த இடம் ஊரறிந்தது. கொள்ளையர் கையும் அதில் பட்டது. காலந்தாழ்த்தியிருந்தால் ஒன்றும் எஞ்சியிராது என்கின்றனர். இரண்டாம் பருவத்தில் கலத்தின் அமைப்பு வரைபடங்களுடன் பதிவு செய்யப்பட்டது என்பதும் உண்மையே. 1752இல் மூழ்கிய கெல்டர்மால்சன் என்னும் டச்சுக் கப்பலின் கதை இதனினும் துயரமானது. அதன் 1,50,000க்கும் மேற்பட்ட பீங்கான்கள் 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டு உலகெங்கும் சிதறின. அவற்றை ஒருங்கே வைத்து ஆராய இனி எவராலும் இயலாது. பெலித்துங் சரக்கு அவ்வாறு சிதறாமல் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் நிற்பதே அதன் நற்பேறு என்பது நம் கருத்து. ஆயினும், முதற்பருவத்தில் பதிவாகாமற் போன குறிப்புகளை எத்தனை கோடி கொடுத்தும் மீட்க முடியாது.

அக்கலத்தின் வடிவைப் பின்பற்றி ஓமானில் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட 18 மீட்டர் நீளப் பாய்க்கலம் ஒன்று, 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்னும் பெயருடன், 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் புறப்பட்டது. கொச்சியிலும் காலியிலும் தங்கி, ஜூலையில் சிங்கப்பூரை அடைந்தது. அந்நகரத்து ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் அக்கிண்ணங்களை அடுக்கடுக்காய் இன்றும் காணலாம்.