பாலத்தின் முனகல்

சந்தையில் சட்டி வாங்கும் பாட்டி அதை விரலால் தட்டிக் கேட்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கணீரென்று ஒலித்தால் நல்ல சட்டி. மந்தமாக ஒலித்தால் எங்கேயோ கீறல். கண் காணாத குற்றத்தைக் காது கண்டுவிடுகிறது. பெரிய பாலங்களைப் பாதுகாக்கும் எஞ்சினீயர்களும் இப்பொழுது காதின் உதவியை நாடியிருக்கிறார்கள்.

கான்கிரீட் பாலங்கள் பலவற்றின் பலம், உள்ளே இழுத்து இறுக்கிய எஃகுக் கம்பிகளில் இருக்கிறது. கம்பி துருப்பிடித்தாலும் வெளியே ஓர் அடையாளமும் தோன்றாதிருக்கலாம். 1985 டிசம்பரில் வேல்ஸ் நாட்டில் அத்தகைய பாலம் ஒன்று முன்னறிவிப்பே இன்றி இடிந்து விழுந்தது.

லண்டன் மாநகரின் ஹாமர்ஸ்மித் மேம்பாலமும் அந்த வகையைச் சேர்ந்ததே. 1960-களின் தொடக்கத்தில் எழுந்த அதன்மீது தினந்தோறும் சுமார் 90,000 வண்டிகள் சென்று வந்தன. பனிக்காலத்தில் சாலையில் தூவிய உப்பு, நீரோடு கசிந்து இறங்கிக் கம்பிகளை அரித்துவிட்டது. ஆகவே, ஒலியை உணரும் கருவிகளைப் பாலத்தில் பொருத்தினார்கள்.

இறுகிய கம்பி அறும்போது, வீணைத் தந்தி அறுவதுபோல, அதில் அடங்கியிருந்த சக்தி அதிர்வாகக் கிளம்பிக் கான்கிரீட்டின் வழியே பரவுகிறது. அது ஒரு கருவியை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக அடைகிறது. அந்தக் கால வித்தியாசத்தைக் கணக்கிட்டால் கம்பி அறுந்த இடம் புலப்படும்.

கருவிகள் கேட்டன, கம்பிகள் அறுந்துகொண்டிருந்தன. உள்ளே ஆராய்ந்தபோது சேதம் எதிர்பார்த்ததைவிட அதிகமென்று தெரிந்தது. ஒலிம்பிக் பந்தயங்களுக்கு ஏழே மாதங்கள் இருந்த சமயம். ஆயினும் 2011 டிசம்பர் 23-ஆம் தேதி பாலத்தை மூடினார்கள். 2012 ஜனவரியில் சிறு வண்டிகளை மட்டும் அனுமதித்தார்கள். புதிய கம்பிகள் இட்டுப் பாலத்தைப் பலப்படுத்தும் வேலை 2015-இல் முடிவுற்றது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. சட்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டிக் கேட்கலாம். கம்பியோ அறும்போது ஒரே முறைதான் குரல் கொடுக்கிறது. கருவி வைப்பதற்கு முன் அறுந்தவற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எனவே, பாலம் நன்றாயிருக்கும்போதே காதை வைத்துவிடுவது நலம்.

வழியில் ‘பாலம் மூடப்பட்டிருக்கிறது’ என்ற பலகையைக் கண்டதும் நாம் முணுமுணுக்கிறோம். நமக்கு முன்னே அந்தப் பாலம் முனகியிருக்கலாம். அதை யாரோ ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். சுற்றுவழியில் செல்லும் சிரமத்தை அதற்காகவாவது பொறுத்துக்கொள்வோமாக.