நா எழாத ஆங்கிலம்

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் பாதையில் உள்ள ஊர் கினிகத்தேனை. அப்பகுதித் தோட்டப் பிள்ளைகளுள் ஆங்கிலத்தை நன்கு எழுதுவோர் உண்டு. எழுந்து பேசுமாறு பணித்தால் மட்டும் நா எழுவதில்லை.

காரணம் அறியாமையன்று. துரைமுன் வாய்திறவாமையே மரியாதையென இருந்த மலையில், ஆங்கிலம் நெடுங்காலம் கேட்டுப் பணியும் மொழியாகவே இருந்தது. சிங்களப் பேச்சுவழக்கில் அதற்குக் 'கடுவ', அதாவது வாள், என்றொரு பெயருண்டு. பிள்ளை அஞ்சுவது மொழிக்கன்று, பிறர் நகைப்புக்கே. 1986இல் எலைன் ஹோர்விட்ஸ் முதலிய மூவர் இவ்வச்சத்தை அளக்க 33 கூற்றுகள் வகுத்தபோதும், பிறர் தம்மைக் குறைவாக மதிப்பர் என்னும் பயத்தை அதன் கூறுகளுள் ஒன்றெனக் கண்டனர்.

பேசும் பிள்ளையை இடைமறித்துத் திருத்துதல் ஆகாது. நல்லெண்ணத்தோடு திருத்தினாலும் கேடு ஒன்றே. முதலில் பக்கத்துத் தோழனிடம் இரண்டு வாக்கியம் பேசட்டும், பின்னர் நால்வரிடம், வகுப்பின்முன் நிற்பது அதற்கும் அப்பால். பிழைகளைப் பாடமுடிவில், எவர் பெயரும் கூறாது, கரும்பலகையில் காட்டினால் போதும்.