மூடிய அறையில் கரிநெருப்பு

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் கோத்தகிரியில் மாமா வீட்டில் தங்கியிருந்தோம். இரவில் கடுங்குளிர். பாட்டி இரும்புச் சட்டி நிறையக் கரிநெருப்பு கொண்டுவந்து படுக்கையறையில் வைத்தார். பனிக்காற்று புகாதபடி ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கையும் திணித்தோம்.

நள்ளிரவில் தம்பி வாந்தி எடுத்தான். அம்மாவுக்குத் தலைசுற்றியது, எனக்கோ தாங்க முடியாத தலைவலி. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தோம். சத்தம் கேட்டு வந்த மாமா சட்டியைக் கண்டதும் கதவு, ஜன்னல்களைத் திறந்து எங்களை முற்றத்துக்கு அழைத்துச் சென்றார். மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தார்கள். பிழைத்தோம்.

நடந்தது என்ன? கரி எரியப் பிராணவாயு வேண்டும். அது போதாதபோது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு மிகுதியாக உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. புகையே இல்லாத செங்கனலிலிருந்தும் இது வெளிப்படும். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இந்த வாயுவுடன் 200 மடங்குக்கும் மேல் வலுவாகச் சேர்கிறது. அதனால் மூளைக்கும் இருதயத்துக்கும் பிராணவாயு போய்ச் சேர்வதில்லை. உறங்குபவர் விழிக்காமலே இறந்துவிடலாம். பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலா 1902இல் பாரிஸில் இப்படித்தான் இறந்தார். அவர் வீட்டுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த வாயுவைக் கண்டறிய 1986 வரை கானரிப் பறவைகளைக் கொண்டுசென்றனர். மனிதருக்கு முன்பே அவை மயங்கி விழும்.

தோழியரே, இவற்றை நினைவில் வையுங்கள்:

1. கரிச்சட்டியை வீட்டுக்குள், முக்கியமாகப் படுக்கையறையில் வைக்கக் கூடாது. ஜன்னலைச் சிறிது திறந்து வைப்பது போதாது.

2. பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்தால் ஆபத்தில்லை என்பது தவறு. இந்த வாயு தண்ணீரில் மிகமிகச் சிறிதளவே கரையும்.

3. சமவெளியில் இருப்போருக்கும் ஆபத்து உண்டு. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கெய்சர் எரிந்தாலும் இதே நஞ்சுதான்.

4. ஒரே அறையில் பலருக்கு ஒன்றாகத் தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே எல்லாரையும் வெளியே கொண்டுசெல்லுங்கள். பிறகு தாமதமின்றி மருத்துவமனைக்குப் போங்கள்.

குளிருக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் இருக்கின்றன. எங்கள் பாட்டி இப்போது சட்டியை முற்றத்தில் வைத்தே குளிர் காய்கிறார். நெருப்பை அணைத்த பிறகே உள்ளே வருகிறார். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இன்றே சொல்லுங்கள்.