கண்ணே கைகால்களுக்கு ஆசான்

கோணேசப் பெருமானை வழிபட்டு மீள்வோர் பலர், இராவணன் வெட்டின் அருகே நின்று கீழே கடலை நோக்குவது வழக்கம். நோக்கிய கணத்திலே கால் தளர்கின்றது; தலை சுழல்கின்றது; கை தானாகவே பற்றுக்கோடு தேடுகின்றது. நிற்பதோ அசையாத கற்பாறை. அங்ஙனமாயின் இத்தளர்ச்சி எங்கிருந்து வந்தது? அதற்குப் பெருங்காரணம் கண்ணே என்பர் உடலியல் அறிஞர்.

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று துணைகள் உள. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு ஒன்று, தசை, மூட்டு, உள்ளங்கால் ஆகியவற்றின் உணர்ச்சி மற்றொன்று, கண் மூன்றாவது. நிற்கும்பொழுதும் நம்முடல் சிறிது ஆடிக்கொண்டே இருக்கும். அருகிலுள்ள சுவரும் மரமும் கண்ணில் இடம்பெயர்வதைக் கொண்டு மூளை அவ்வாட்டத்தைத் திருத்துகின்றது. மலையுச்சியிலோ எதிரே இருப்பன தொலைவிலுள்ள கடலும் வானுமே. உடல் ஆடினும் அவை பெயர்வதாகத் தோன்றா; ஆகவே திருத்தமும் தடுமாறுகின்றது. ஐயமுறுவோர் ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பார்ப்பாராக.

குழந்தைகள் இத்துணையைப் பெரியோரினும் மிகுதியாக நம்பியிருக்கின்றனர். 1974 ஆம் ஆண்டில் டேவிட் லீ, எரிக் அரன்சன் என்னும் ஆய்வாளர் இருவர், அசையாத தரையின்மீது அசையும் சுவர்களைக்கொண்ட அறையொன்றிலே, நடக்கத் தொடங்கிய குழந்தைகளை நிறுத்திச் சோதித்தனர். சுவர் பெயர்ந்ததும் குழந்தைகள் தள்ளாடினர், வீழ்ந்தோரும் உளர். இத்தகைய அறையில் நின்ற பெரியோர் பெரும்பாலும் சிறிது சாய்ந்ததோடு அமைந்தனர். மூன்று துணைகளையும் ஒப்புநோக்கித் தக்கதைக் கொள்ளும் திறன் வளர வளர வருவதொன்றாகும்.

நிற்றலுக்குத் துணையாகும் கண், கைத்தொழிலுக்கு ஆசானுமாகும். நீருள் இருக்கும் மீன் உள்ள இடத்தினும் மேலே தோன்றும். ஈட்டியெறியும் புதியவன் முதலிற் பிழைப்பான். பிழையைக் கண் காணும். அடுத்தமுறை கை தாழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எல்மோற்சு என்னும் செர்மானிய அறிஞர் இதனை அரியத்தால் விளக்கினார். அரியத்தினூடு நோக்குவோன் பொருளைத் தொட முயன்றால் கை ஒருபுறம் விலகும். சிலமுறை முயன்றபின் திருந்தும். அரியத்தை நீக்கியதும் கை எதிர்ப்புறம் விலகும். கண் கற்பித்த பாடத்தைக் கை உடனே மறப்பதில்லை.

பார்வையே இன்றிப் பிறந்தோர் பின்னர் அதனைப் பெற்றால் யாது நிகழும்? அயர்லாந்தினரான மொலினோ 1688 இலேயே இவ்வினாவை எழுப்பினார். விடையின் ஒரு பகுதி இந்தியாவிலே கிடைத்தது. பவன் சின்கா என்பாரின் பிரகாஷ் திட்டத்தின்கீழ்ப் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையான ஐவரைச் சோதித்த முடிவு 2011 இல் வெளியாயிற்று. கையால் உணர்ந்த பொருளை உடனே கண்ணால் அடையாளங்காண அவர்களால் இயலவில்லை. சின்னாட் கழித்து மீண்டும் சோதிக்கப்பட்டோர் பெரிதும் முன்னேறியிருந்தனர். எனவே கண்ணும் கையும் கொள்ளும் உறவு பிந்தியும் பழகத்தக்கது. ஆயினும் நெடுங்காலம் மங்கியிருந்த பார்வையின் கூர்மை முழுதும் மீள்வதில்லை.

இதனை எழுதும்போது என் வகுப்பிலிருந்த மாணவன் ஒருவன் நினைவுக்கு வருகின்றான். அவன் எழுத்துக் கோட்டை விட்டு விலகும். பந்து கைக்கு அகப்படாது மார்பில் மோதும். படியிறங்கும்போது காலால் தடவுவான். கவனமில்லாதவன் என்று பலமுறை கடிந்தேன். பதினான்காம் வயதிலே பரிசோதித்தபோது, அவனுக்கு ஒரு கண்ணிலே பார்வை மிகக் குன்றியிருந்தது தெரிந்தது. இரு கண்களும் ஒத்து நோக்கும்போதே தூரமும் ஆழமும் செவ்வனே புலனாகும். குழந்தைப் பருவத்திலே கண்டிருந்தால், நல்ல கண்ணைச் சிலபொழுது மூடிக் குறையுடைய கண்ணுக்குப் பயிற்சியளித்திருக்கலாம் என்றார் வைத்தியர். அன்று நான் கடிந்த சொற்களை மீளப்பெற வழியில்லை.

ஆதலின் ஆசிரியராயும் பெற்றோராயும் விளங்கும் நம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை அடிக்கடி இடறினும், பந்தைத் தவறவிடினும், தலையைச் சாய்த்து வாசிப்பினும், முதலில் அதன் கண்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்வையைச் சோதிப்பிக்க. இரு கண்களும் திறந்திருக்கையில் ஒன்றன் குறையை மற்றது மறைத்துவிடும். கடிதல் பின்னும் ஆகலாம். காலத்தோடு கண்ணைக் காத்தலோ பின்னர் ஆகாது.