திரும்ப வைக்கும்போதுதான் கண்டம்

உறையில் இருக்கும்வரை பிஸ்டல் சாது. ஜாதவ்பூரில் ரோந்து போகும் போலீஸ் அதிகாரியின் இடுப்பில் பெரும்பாலும் இருப்பது 9 மி.மீ. ரகம், நகருக்கு வடக்கே, இஷாப்பூர் தொழிற்சாலைத் தயாரிப்பு. மேகசினில் 13 தோட்டாக்கள்.

உருவும்போது ஆள்காட்டி விரல் டிரிகரைத் தொடக்கூடாது. அதற்கு மேலே, பக்கவாட்டில் நீண்டிருக்க வேண்டும். இது பாலபாடம். சுடுவது என்று முடிவெடுத்த பிறகே விரல் உள்ளே போகலாம். குழல் முனை அதுவரை யாரையும் பார்க்கக் கூடாது, சொந்தக் காலையும் சேர்த்து.

திரும்பச் சொருகும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. பதற்றம் அடங்கி, அலட்சியம் தலைதூக்கும் நேரம் அது. டிரிகரில் மறந்துபோன விரலோ, உறைக்குள் மடங்கிய சட்டை நுனியோ போதும், தொடையில் குண்டு பாய. உருவுவதில் வேகம் சரி, வைப்பதில் என்ன அவசரம்?

2024 அக்டோபரில் மும்பை நடிகர் கோவிந்தா, லைசென்ஸ் பெற்ற தன் ரிவால்வரை வீட்டில் எடுத்து வைக்கும்போது கை தவறியது. காலில் பாய்ந்த குண்டை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.